எந்த அடுக்கில் வைப்பது?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் அமெரிக்கக் குடும்பங்கள், பாடத்துக்கான நூல்களை எங்கிருந்து பெறுகின்றன? அந்நாட்டின் தேசியக் கல்விப் புள்ளியியல் மையம் 2003-இல் இதைக் கணக்கெடுத்தது. ஒருவரே பல பதில்களைச் சொல்லலாம் என்ற ஏற்பாட்டில், சுமார் 78 சதவீதம் பேர் ஊர்ப் பொது நூலகத்தைச் சொன்னார்கள். வீட்டுவழிக் கல்விக்கென்றே நூல் வெளியிட்டு விற்கும் பதிப்பகங்கள் 77 சதவீதத்தோடு அடுத்த இடத்தில் இருந்தன. புத்தகக் கடைகளுக்கு 69. காசு கொடுத்து வாங்கும் வழிகளையெல்லாம் ஊர் நூலகம் மயிரிழையில் முந்தியிருந்தது.

அன்று வீட்டில் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேர். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பள்ளிக்குள்ளேயே ஒரு நூலகம் இருக்கும். அதற்கென்று கொஞ்சமாவது நிதி இருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஊர் நூலகம்தான் பள்ளி நூலகமும். இதை யாரும் தீர்மானம் போட்டு நிறைவேற்றவில்லை. அதுவாக நடந்தது. ஆகவே ஊர் நூலகம் இவர்களுக்கென்று தனியாக நூல் வாங்க வேண்டுமா, வாங்கினால் எதை வாங்குவது, யார் தேர்ந்தெடுப்பது, எந்த அடுக்கில் வைப்பது என்பதெல்லாம் இன்றுவரை ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாகத்தான் நடக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் இதற்காகக் கையேடுகள் வெளியிட்டிருக்கிறது. சூசன் ஷெப்ஸ் எழுதியது 1998-இல் வந்தது, ஏட்ரியன் ஃபர்னஸ் எழுதியது 2008-இல். இரண்டும் நூலகரைப் பார்த்துப் பேசுபவை. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் குடும்பங்கள் நூலகத்துக்கு என்ன செய்யலாம், எதைச் செய்யாமல் இருக்கலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

யார் இவர்கள்

வீட்டுவழிக் கல்வி இயக்கம் இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், பள்ளியில் பிள்ளைகள் எப்படித் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்து 1964-இல் ஒரு நூல் எழுதினார். பள்ளியைத் திருத்திவிடலாம் என்று சில காலம் நம்பினார். பிறகு அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். 1977-இல் பள்ளியில்லாமல் பிள்ளை வளர்ப்பது குறித்து ஓர் இதழைத் தொடங்கினார். அது அவர் மறைவுக்குப் பின்னும் 2001 வரை வந்தது. பாடத்திட்டம், தேர்வு, மணி அடிப்பது எதுவும் வேண்டாம், பிள்ளையின் ஆர்வத்தைப் பின்தொடர்ந்தால் போதும் என்பவர்கள் அவர் வழி வந்தவர்கள். மற்றோர் ஊற்று சமயம். பொதுப் பள்ளியில் தங்கள் நம்பிக்கைக்கு இடமில்லை என்று கருதிய கிறித்தவக் குடும்பங்கள் 1980-களில் பெருந்தொகையாக வெளியேறின. அவர்களுக்காக வழக்காட 1983-இல் ஒரு சட்டப் பாதுகாப்புச் சங்கமும் அமைந்தது. நீதிமன்றங்களிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு, 1990-களின் முற்பகுதிக்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டத்துக்கு உட்பட்டதாகிவிட்டது.

இந்த வரலாறு நூலகருக்கு ஏன் தெரிய வேண்டும்? இரு தரப்பும் நூலகத்துக்குள் ஒரே வாசல் வழியாக நுழைந்து வெவ்வேறு அடுக்குகளுக்குப் போகிறார்கள். ஒரு தரப்பை மட்டும் சந்தித்த நூலகர், வீட்டுவழிக் கல்வி என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். 2020-க்குப் பிறகு இந்தப் பிரிவினையும் போதாமல் போயிற்று. கொரோனா காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் எடுத்த மாதிரிக் கணக்கில், வீட்டுவழிக் கல்வி நடத்தும் குடும்பங்கள் அந்த ஆண்டு வசந்த காலத்தில் 5.4 சதவீதம்; இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதம். கறுப்பினக் குடும்பங்களில் 3.3-இலிருந்து 16.1-க்கு உயர்வு. பள்ளி நடத்திய இணைய வகுப்பில் சேர்ந்தவர்களைத் தவிர்க்கும்படி இடையில் கேள்வியைத் தெளிவுபடுத்தியிருந்தார்கள் என்பதால், இதை வெறும் வகுப்பு மாற்றம் என்று ஒதுக்க முடியாது. புதிதாக வந்தவர்களில் பலர் சமயத்துக்காகவோ ஹோல்ட்டுக்காகவோ வந்தவர்கள் இல்லை. பள்ளியில் தன் பிள்ளை நடத்தப்பட்ட விதம் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். நோய்க்கு அஞ்சியவர்கள் இருந்தார்கள். தங்கள் வரலாறு பாடநூலில் ஒரு பத்தியில் முடிந்துவிடுவதைச் சகிக்காதவர்களும் இருந்தார்கள். 1995-இல் தயாரித்த நூற்பட்டியல் இவர்களுக்கு உதவாது.

சட்டம் கேட்கும் நூல்கள்

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதால் நூல் தேவையும் மாறுகிறது. இல்லினாய் மாநிலத்தில் 1950-இல் வந்த ஒரு தீர்ப்பு, வீட்டில் முறையாகப் பாடம் நடத்தினால் அதையும் தனியார் பள்ளியாகக் கொள்ளலாம் என்றது. டெக்சஸ் நீதிமன்றம் 1994-இல் அதே திசையில் தீர்ப்பளித்தது. நியூயார்க்கில் அப்படி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுத் திட்டம் எழுதித் தர வேண்டும். காலாண்டு அறிக்கை அனுப்ப வேண்டும். பாடப் பட்டியலும் விதியிலேயே இருக்கிறது. கணிதம், வரலாறு, அறிவியல் ஆகியவற்றோடு, மிதிவண்டிப் பாதுகாப்பை உள்ளடக்கிய சாலை விதிகளும் தீத்தடுப்பும் அதில் வருகின்றன. ஏழாம் எட்டாம் வகுப்புகளுக்கு 'நூலகத் திறன்' என்றே ஒரு பாடம். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நூலகத் திறனை எப்படிக் கற்பிப்பது! தீத்தடுப்பு பற்றிய சிறுவர் நூல் ஆண்டு முழுக்க ஏன் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று வியக்கும் நியூயார்க் நூலகருக்கு இந்த விதியை யாராவது காட்டினால் விளங்கிவிடும். ஊர்க் குடும்பங்கள் செய்யக்கூடிய முதல் உதவி இதுதான். தங்கள் மாநில விதியில் உள்ள பாடப் பட்டியலை ஒரு தாளில் எடுத்துக் குழந்தைகள் பிரிவு நூலகரிடம் கொடுப்பது. செலவில்லாத உதவி, ஆனாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தோன்றுவதில்லை.

பென்சில்வேனியாவில் வேறொரு சிக்கல். அங்கே 1988-இல் வந்த சட்டப்படி, பிள்ளை பயன்படுத்திய வாசிப்பு நூல்களின் தலைப்புகளை அவ்வப்போது பதிந்த குறிப்பேடு ஒன்றைப் பெற்றோர் வைத்திருக்க வேண்டும். ஆண்டு முடிவில் மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். செப்டம்பரிலிருந்து எடுத்த நூல்களின் பட்டியலை மே மாதம் நூலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கும் தாய்க்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. வாசகரின் அந்தரங்கத்தைக் காப்பதை அமெரிக்க நூலகங்கள் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. நூல் திரும்பியதும் அதை எடுத்தவர் பெயரோடு உள்ள இணைப்பைப் பல நூலகங்களின் கணினி அழித்துவிடும். யார் எதைப் படித்தார் என்று காவல்துறை வந்து கேட்டாலும் சொல்ல இடமில்லாதபடி செய்யப்பட்ட ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், இந்தத் தாயையும் சேர்த்தே அது கைவிடுகிறது. வாசிப்பு வரலாற்றைச் சேமிக்க வாசகர் தாமே ஒப்புதல் தரும் வசதி பல நூலகங்களில் இருக்கிறது. இரவல் எடுக்கும்போது வரும் ரசீதைக் குறிப்பேட்டில் ஒட்டிவைப்பது இன்னும் எளிது. புதிதாக வரும் குடும்பத்துக்கு முதல் நாளே இதைச் சொல்லும் நூலகங்கள் எத்தனையோ மனக்கசப்பைத் தவிர்த்துவிடுகின்றன.

எகிப்து ஏன் காலியாகிறது

வீட்டில் படிப்பவர்கள் எல்லோரும் ஒரே முறையில் படிப்பதில்லை. முறையைத் தெரிந்துகொண்டால் எந்த அடுக்கு எந்த மாதத்தில் காலியாகும் என்றே சொல்லிவிடலாம். ஜெஸ்ஸி வைஸும் அவர் மகள் சூசன் வைஸ் பாவரும் சேர்ந்து எழுதிய 'தி வெல்-டிரெயின்ட் மைண்ட்' 1999-இல் வந்தது. மகள் வீட்டிலேயே படித்தவர், தாய் அவருக்குக் கற்பித்தவர். செவ்வியல் கல்வி என்று அவர்கள் முன்வைத்த திட்டத்தில், உலக வரலாறு நான்கு ஆண்டுச் சுற்றாக வருகிறது: பண்டைக் காலம், இடைக் காலம், நவீனத்தின் தொடக்கம், நவீன காலம். பள்ளிப் பருவம் முடிவதற்குள் இந்தச் சுற்றை மூன்று முறை முடிக்க வேண்டும். ஒரு ஊரில் பத்துக் குடும்பங்கள் கூடிப் பேசி இதைப் பின்பற்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பண்டைக் காலத்து ஆண்டு தொடங்கும் செப்டம்பரில், நூலக அடுக்கின் டூயி வகைப்பாட்டில் 932 என்ற எண்ணில் இருக்கும் எகிப்து நூல்கள் ஒரே வாரத்தில் காணாமல் போகும். பிப்ரவரியில் கிரேக்கம், ஏப்ரலில் உரோமாபுரி.

பள்ளி மாணவனின் தேவைக்கும் இவர்கள் தேவைக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. பள்ளி மாணவன் எகிப்து பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். படங்கள் நிறைந்த ஒரு நூல் போதும், மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். அவனை மனத்தில் வைத்து நூலகம் அந்தத் தலைப்பில் நான்கைந்து நூல் வாங்கி வைத்திருக்கும், பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வீட்டில் படிக்கும் ஒன்பது வயதுச் சிறுமி ஆறு வாரம் எகிப்திலேயே குடியிருக்கிறாள். மம்மி செய்முறை, நைல் வெள்ளம், சித்திர எழுத்து, பார்வோன் காலத்து மருத்துவம், அகழ்வாராய்ச்சியாளர்கள் போட்ட சண்டை என்று அவளுக்கு ஆழம் வேண்டும். அவள் தம்பிக்கு அதே தலைப்பில் படக்கதை வேண்டும். அண்ணனுக்குப் பெரியவர்கள் பகுதியிலிருந்து நூல் வேண்டும். மூன்று பிள்ளைகளோடு வரும் குடும்பம் ஒரே நாளில் நாற்பது நூல் எடுத்துப்போவது இதனால்தான். அட்டைக்கு இத்தனை நூல்தான் என்று வரம்பு வைத்திருக்கும் நூலகங்களில் பல, ஆசிரியர்களுக்குத் தரும் சிறப்பு அட்டையை வீட்டுவழிக் கல்விப் பெற்றோருக்கும் தருகின்றன. சில நூலகங்கள் மறுக்கின்றன. மறுப்பதற்கு நியாயமான காரணம் எனக்குப் புலப்படவில்லை.

சார்லட் மேசன் வழியைப் பின்பற்றுகிறவர்களின் கதை வேறு. 1842 முதல் 1923 வரை வாழ்ந்த இந்த ஆங்கிலேயக் கல்வியாளரை, சூசன் ஷேஃபர் மெக்காலே 1984-இல் எழுதிய ஒரு சிறு நூல் அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுவந்தது. தகவலைப் பொட்டலம் கட்டித் தரும் பாடநூல் கூடாது. பொருளில் ஊறிய ஒருவர், தாமே நேசித்து எழுதிய முழு நூலைப் பிள்ளை படித்து, தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது மேசனின் முறை. அவருடைய வழியினர் தேடுவது பெரும்பாலும் பழைய நூல்கள். ஹோல்ட் வழியினருக்கோ பட்டியலே கிடையாது. பிள்ளைக்கு இந்த மாதம் தேனீ, அடுத்த மாதம் பூட்டு. அவர்களுக்கு நூலகம் முழுவதுமே பாடநூல்.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

பெற்றோர் நூலகரிடம் முதலில் கேட்பது பாடத்திட்டப் பெட்டிகளைத்தான். ஓராண்டுக்கான பாடநூல், பயிற்சி ஏடு, ஆசிரியர் கையேடு எல்லாம் சேர்ந்த தொகுப்பு சில நூறு டாலர் ஆகும். மூன்று பிள்ளைகள் உள்ள ஒற்றை வருமானக் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. நூலகம் வாங்கி வைத்தால் என்ன?

கேட்க நியாயமாக இருக்கிறது; நடைமுறையில் பெரும்பாலும் உதவாது. பாடத்திட்டம் என்பது ஒரு கல்வியாண்டு முழுக்கக் கையில் இருக்க வேண்டிய பொருள். நூலக இரவல் காலம் மூன்று வாரம், புதுப்பித்தால் ஆறு, மிஞ்சினால் ஒன்பது. ஒரு குடும்பம் எடுத்தால் மற்றவர்களுக்கு அது ஓராண்டு இல்லை. பயிற்சி ஏட்டில் எழுதினால் அத்தோடு முடிந்தது. நகலெடுத்துக்கொள்ளலாம் என்றால், 1976-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தோடு உருவான வகுப்பறை நகல் வழிகாட்டுதல்கள், எழுதித் தீர்க்கும் ஏடுகளை நகலெடுப்பதை வெளிப்படையாக விலக்குகின்றன. பதிப்பு மாறும்போது பழைய ஆசிரியர் கையேடு புதிய மாணவர் நூலோடு பொருந்தாது. ஆனாலும், பாடத்திட்டத்தை வாங்குவதற்கு முன் புரட்டிப் பார்க்க வேண்டும் என்ற தேவை உண்மையானது. முந்நூறு டாலர் கொடுத்துத் தருவித்த கணிதத் தொகுப்பு மகனுக்கு ஒத்துவராமல் பரணில் கிடக்கும் வீடுகள் ஏராளம். எனவே பரவலாகப் பயன்படும் கணித, மொழிப் பாடத் தொகுப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரு நிலைக்கான மாதிரியை, வெளியே தராமல் அங்கேயே பார்க்கும்படி வைப்பது நூலகப் பணத்துக்கு நல்ல பயன். சாக்ஸன் முறைக் கணிதமும் சிங்கப்பூர் முறைக் கணிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அரை மணி நேரத்தில் ஒரு தாய் முடிவெடுத்துவிடுவார்.

பெற்றோருக்கான நூல்கள் அடுத்து. டூயி வகைப்பாட்டில் 371.042 என்ற எண்ணில் வீட்டுவழிக் கல்வி நூல்கள் நிற்கும். பல ஊர் நூலகங்களில் இந்த இடத்தில் இருபது ஆண்டு பழைய சட்டக் கையேடுகளும், எப்போதோ யாரோ கொடுத்த ஒரே சார்புடைய நூல்களும்தான் இருக்கும். இங்கே நூறு நூல் தேவையில்லை. ஹோல்ட், பாவர், மேசன் ஆகியோரின் அடிப்படை நூல்கள், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளை வீட்டில் படிக்கவைப்பது பற்றிச் சில, உயர்நிலைப் பள்ளிக் காலமும் கல்லூரி விண்ணப்பமும் பற்றிச் சில, எந்தச் சமயத்தையும் சாராதவை சில இருந்தால் போதும்.

பணத்தின் பெரும்பகுதி போக வேண்டிய இடம் குழந்தைகளுக்கான அபுனைவு நூல்கள். வரலாறும் இயற்கையும் ஓரளவு இருக்கும். கணிதம் பற்றிக் கதையாகப் பேசும் நூல்கள், வேதியியல், இசைக் கருவிகள், தச்சு, தையல், பிறமொழி கற்றல் ஆகியவற்றில் பெரும் ஓட்டை இருக்கும். உயர்நிலை அறிவியலில் நூலைவிடக் கருவிதான் பஞ்சம். இல்லினாய் மாநிலத்து ஜான்ஸ்பர்க் பொது நூலகம் வீட்டுவழிக் கல்விக்கென்றே ஒரு வளமையத்தை அமைத்து, நாட்டில் மற்ற நூலகங்களுக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஒரு குடும்பம் வாங்கி ஒரு மாதம் பயன்படுத்திவிட்டு மூலையில் போடும் பொருள்களை ஊருக்கே பொதுவாக வைப்பது அத்தகைய மையங்களின் வலிமை. நுண்ணோக்கி இதற்கு நல்ல உதாரணம்.

பழைய நூல்களின் சண்டை

நூலகரும் வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களும் நேராக மோதிக்கொள்ளும் இடம் நூல் நீக்கம். ராண்டம் ஹவுஸ் 1950-இல் 'லேண்ட்மார்க் புக்ஸ்' என்று சிறுவர்களுக்கான வரலாற்று வரிசை ஒன்றைத் தொடங்கியது. இருபது ஆண்டுகளில் சுமார் 180 நூல்கள் வந்தன. நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக் அதில் சன் யாட்-சென் வாழ்க்கையை எழுதினார். நாஜி ஜெர்மனியை நேரில் பார்த்த செய்தியாளர் வில்லியம் ஷைரர் ஹிட்லரைப் பற்றி எழுதினார். பெரிய எழுத்தாளர்கள் பிள்ளைகளுக்காக இறங்கி வந்து எழுதிய வரிசை. மேசன் வழியினருக்கு இவை பொக்கிஷம். நூலகருக்கோ முதுகு கிழிந்த, மஞ்சளேறிய, பத்தாண்டாக யாரும் தொடாத, அறுபது ஆண்டுப் பழைய நூல்கள். டெக்சஸ் மாநில நூலகத்திலிருந்து 1976-இல் வந்த நூல் நீக்கக் கையேட்டின் அளவுகோல்கள் இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன: தவறான தகவல், சிதைந்த உருவம், புதிய நூலால் பின்தள்ளப்பட்டது, மதிப்பற்றது, ஊருக்குத் தேவையற்றது, வேறிடத்தில் எளிதாகக் கிடைப்பது. இந்தச் சல்லடையில் லேண்ட்மார்க் நூல்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. நூலகங்கள் கழித்துவிட்டவற்றைக் கழிவு விற்பனையில் அள்ளிய தாய்மார்கள் சிலர், தங்கள் வீட்டு நிலவறையிலேயே இரவல் நூலகம் நடத்தத் தொடங்கினார்கள். அத்தகைய தனியார் நூலகங்கள் இன்று அமெரிக்காவில் பல ஊர்களில் உள்ளன.

நியாயம் யார் பக்கம்? நடையைப் பொறுத்தவரை தாய்மார்கள் சொல்வது சரி. இன்றைய சிறுவர் வரலாற்று நூல்கள் பலவற்றில் பக்கத்துக்கு மூன்று பெட்டிச் செய்தியும் ஐந்து படமும்தான். தொடர்ந்து இரண்டு பக்கம் படிக்க எதுவுமில்லை. ஆனால் பழைய வரிசை அமெரிக்கப் பூர்வகுடிகளையும் கறுப்பின மக்களையும் காட்டும் விதம் இன்றைக்கு ஏற்க முடியாதது. 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் நூலகப் பிரிவு, பழைய சிறுவர் நூலாசிரியர் லாரா இங்கல்ஸ் வைல்டர் பெயரிலிருந்த விருதின் பெயரையே இந்தக் காரணத்துக்காக மாற்றியது. வீட்டில் தாய் பக்கத்தில் உட்கார்ந்து, இது தவறு என்று சொல்லிக்கொடுத்தபடி ஒரு பழைய நூலைப் படிக்கலாம். அடுக்கிலிருந்து தானே எடுத்துப் படிக்கும் பூர்வகுடிச் சிறுவனுக்கு அந்தக் குரல் கூடவே வராது. ஊர் நூலகம் இரு பிள்ளைகளுக்கும் பொறுப்பு. முழு வரிசையையும் மீட்டுத்தரச் சொல்லாமல், குறிப்பிட்ட பத்து நூலைப் பெயர் சொல்லி, ஏன் அவற்றுக்கு மாற்று இல்லை என்று எழுதிக் கேட்கும் குழுக்களின் கோரிக்கையில் வலு இருக்கிறது.

சமயச் சார்புள்ள அறிவியல் நூல்களில் இன்னொரு உரசல். டூயி வகைப்பாட்டில் பரிணாமத்துக்கு 576.8, படைப்புக் கொள்கைக்கு 231.7652, அதாவது சமயப் பிரிவில். கிறித்தவப் பதிப்பகம் ஒன்றின் வானியல் நூல் நன்கொடையாக வந்து, தலைப்பைப் பார்த்து 520-இல் வைக்கப்பட்டால், சமயம் சாராத வீட்டுவழிக் கல்விக் குடும்பம்தான் முதலில் கோபத்தோடு வரும். அடுக்கை மாற்றினால் மற்றத் தரப்பு வரும். நூலகச் சங்கம் 1939-இல் ஏற்ற உரிமை அறிக்கை, பல்வேறு பார்வைகளுக்கும் இடம் தரச் சொல்கிறது. அதற்காக அறிவியல் அடுக்கில் அறிவியல் அல்லாததை வைக்கும் கடமை நூலகருக்கு இல்லை. இந்தச் சண்டையின் பாதி, மதிப்புரை இல்லாத குறையால் வருவது. 'ஸ்கூல் லைப்ரரி ஜர்னல்', 'புக்லிஸ்ட்' போன்ற இதழ்களின் மதிப்புரையைப் பார்த்துத்தான் நூலகர்கள் பெரும்பாலும் வாங்குகிறார்கள். வீட்டுவழிக் கல்விப் பதிப்பகங்களின் நூல்கள் அங்கே அபூர்வமாகவே மதிப்பிடப்படுகின்றன. பரிந்துரைப் பட்டியல் கொடுக்கும் குடும்பங்கள், ஒவ்வொரு நூலுக்கும் எதிரே அதன் சமயச் சார்பை ஒளிக்காமல் ஒரு வரியில் எழுதிக்கொடுத்தால் நூலகர் குருட்டாம்போக்கில் வாங்க வேண்டியதில்லை.

தனி அலமாரியும் நன்கொடைப் பெட்டியும்

'வீட்டுவழிக் கல்வி' என்று பலகை மாட்டிய தனி அலமாரி வேண்டும் என்பது குழுக்களின் நெடுநாள் கனவு. கைக்குழந்தையோடு வருகிறவருக்கு எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். ஊர் தங்களையும் கணக்கில் எடுத்திருக்கிறது என்ற நிறைவும் கிடைக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. எறும்பு பற்றிய நல்ல நூலை அந்த அலமாரியில் வைத்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளை அங்கே போகமாட்டான். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று 1931-இல் எழுதினார் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், அமெரிக்க நூலகக் கல்வியிலும் அவருடைய ஐந்து விதிகள் பாடம். எறும்பு நூலுக்குரிய வாசகர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். பெற்றோருக்கான நூல்களும் பாடத்திட்ட மாதிரிகளும் ஓரிடத்தில் இருக்கட்டும். மற்றவை அந்தந்த எண்ணில் அந்தந்த அடுக்கிலேயே நிற்க, தலைப்பு வாரியாக அச்சிட்ட பட்டியல்களும் கணினிப் பட்டியலில் ஒரு குறிச்சொல்லும் இருந்தால் போதும். நிதிக்கும் இதில் ஆதாயம் உண்டு. எல்லோருக்கும் பயன்படும் நூல் என்றால், ஒரு சிறு பிரிவினருக்கு ஏன் இத்தனை செலவு என்று நூலகக் குழுவில் யாரும் கேட்கமாட்டார்கள்.

நன்கொடை பற்றிக் கசப்பான உண்மை ஒன்று. மூத்த பிள்ளை முடித்த பாடநூல்களைப் பெட்டி பெட்டியாக நூலக வாசலில் இறக்குவதை உதவி என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. பாதி எழுதிய பயிற்சி ஏடு, பதிப்பு மாறிய கையேடு, விடைநூல் தொலைந்த கணிதம். ஒரு நூலைப் பட்டியலிட்டு, எண்ணிட்டு, உறையிட்டு அடுக்கில் ஏற்ற ஊழியர் நேரம் செலவாகிறது. சில சமயம் அது நூலின் விலையையே தாண்டும். ஆகவே பெரும்பாலான நன்கொடை நூல்கள், 'நூலக நண்பர்கள்' என்ற தன்னார்வக் குழு நடத்தும் விற்பனைக்குப் போய் நூலுக்கொரு டாலருக்கு விலைபோகின்றன. அந்தப் பணம் நூலகத்துக்குத்தான் வருகிறது, அதில் குறையொன்றுமில்லை. கொடுத்த நூல் அடுக்கில் இல்லையே என்று மறுமாதம் வந்து சண்டை போடாமல் இருந்தால் சரி.

கொள்முதல் பரிந்துரைப் படிவம்தான் பலன் தரும் வழி. அமெரிக்க நூலகங்களில் உறுப்பினர் யாரும் நூல் வாங்கக் கோரலாம்; கேட்டதில் பலவற்றை வாங்கவும் செய்கிறார்கள். பதினைந்து குடும்பங்கள் ஒரே நூலைத் தனித்தனியே கோருவதைவிட, குழுவாக உட்கார்ந்து அடுத்த கல்வியாண்டின் தலைப்புகளை மாத வாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நூல்களைச் சொல்லி, நிதியாண்டு தொடங்குவதற்கு முன் கொடுப்பது மேல். எகிப்து செப்டம்பரில் வேண்டும் என்பது ஏப்ரலிலேயே தெரிந்தால், நூலகர் புதிதாக வாங்கலாம், கிளைகளிலிருந்து வரவழைக்கலாம், இல்லையென்றால் நூலகங்களுக்கு இடையிலான இரவலில் முன்பதிவு செய்யலாம். குடும்பங்களும் தங்களுக்குள் பேசி, பாதிப் பேர் கிரேக்கத்திலிருந்து தொடங்கலாம். தேர்வு மட்டும் நூலகரிடமே இருக்க வேண்டும். பட்டியல் கொடுத்த குழு அதை உத்தரவாக நினைக்கத் தொடங்கிய இடங்களில், அடுத்த ஆண்டு வேறொரு குழு வேறொரு உத்தரவோடு வருகிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தப் படிவம் பொறாமையூட்டும். இங்கும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். 1948-இலேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நூல் கொள்முதல் பெரும்பாலும் மேலிடத்தில் மொத்தமாக நடக்கிறது. கிளை நூலகர் கையில் வாசகருக்காக நூல் வாங்கும் அதிகாரம் குறைவு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வெழுதும் நம் வீட்டுவழிக் கல்விப் பிள்ளைகள் எண்ணிக்கையில் சிறியவர்கள். அவர்களுடைய பெற்றோருக்கு இங்கே கைக்கெட்டும் அமைப்பு கிளை நூலகத்தின் வாசகர் வட்டம்தான்.

அமெரிக்கக் குழுக்கள் பல, நூல் வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று கலைந்துவிடுகின்றன. கேட்டு வாங்கிய நூல் எத்தனை முறை வெளியே போனது என்பதைக் கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். வாங்கச் சொன்ன குடும்பங்களே தங்களுக்கென்று ஒரு படியை இணையத்தில் மலிவாக வாங்கிக்கொண்டதால் நூலகப் படி அசையாமல் கிடப்பதும், மூன்றாம் ஆண்டு நீக்கப் பட்டியலில் அது முதலாவதாக வருவதும், அடுத்த முறை அந்தக் குழு கேட்கும்போது நூலகர் தயங்குவதும் அமெரிக்க ஊர்களில் வழக்கமான கதை. நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்துவிட்டு அடுக்கில் திரும்ப வைத்தாலும் எண்ணிக்கையில் ஏறாது. மேசையில் விட்டுப்போனால் ஊழியர் அதை உள்வாசிப்பு என்று பதிந்துகொள்வார். கேட்ட நூலை வீட்டுக்கு எடுத்துப்போய், நாள் தவறாமல் திருப்பி, ஆறு மாதம் கழித்து இளைய பிள்ளைக்காக மறுபடி எடுப்பது வரை அந்தக் குழுவின் வேலை நீள்கிறது.